பாம்புத் தலையில் சிமிட்டும் கண்

கொச்சியின் இடப்பள்ளி சந்திப்பு என்றால் இன்று லுலு மாலும் மெட்ரோவும்தான் நினைவுக்கு வரும். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ அங்கே இறங்கினால் வேறொரு கூட்டத்தைப் பார்க்கலாம். காலைக் கட்டிய சேவலைக் கக்கத்தில் இடுக்கியபடி குடும்பம் குடும்பமாகப் புனித ஜார்ஜ் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அங்கே கோழி நேர்ச்சை பேர்போனது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய ஆலயம் என்பது மரபு.

ஜார்ஜை அடையாளம் காண யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெள்ளைக் குதிரை, கையில் ஈட்டி, குதிரையின் காலடியில் நெளியும் பாம்பு. கேரளத்தில் அவர் பாம்புக்கடியிலிருந்து காப்பவர். பல ஜார்ஜ் ஆலயங்களில் பாம்பும் புற்றும் செய்து வைத்து நேர்ந்துகொள்வார்கள்.

கையில் இருப்பதைப் பார்த்துப் பேர் சொல்வது நமக்குப் பழகியதுதான். வேல் இருந்தால் முருகன். மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியத்தில் வில்லைப் பார்த்ததும் ராமன் என்போம். கிரேக்கர்களுக்கும் அப்படியே. பானையில் தீட்டிய வீரனின் காலில் சிறகு முளைத்த செருப்பும் கையில் வளைந்த வாளும் தோளில் ஒரு பையும் இருந்தால் அவன் பெர்சியஸ். பையில் இருப்பது மெடூசாவின் தலை. மயிருக்குப் பதில் பாம்புகள். அதன் கண்ணைப் பார்த்தவர் கல்லாவார். பளபளக்கும் கேடயத்தில் அவள் நிழலைப் பார்த்தே வெட்டினான் என்கிறது கதை. திரும்பும் வழியில், கடற்பாறையில் கட்டிக்கிடந்த இளவரசி ஆண்ட்ரோமெடாவை விழுங்க வந்த பூதத்தையும் கொன்றான்.

அந்தப் பாறை யாஃபா துறைமுகத்தில் இருந்ததாகப் பழங்காலத்தவர் காட்டினார்கள். ஜார்ஜின் கல்லறை இருப்பதாகச் சொல்லப்படும் லோத் நகரம் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள். கொடிய விலங்கு, பலியாகக் காத்திருக்கும் இளவரசி, ஆயுதத்தோடு வந்து சேரும் வெளியூர் வீரன். இரண்டு கதைக்கும் எலும்புக்கூடு ஒன்றே. ஜார்ஜின் கதையில் பாம்பு நுழைந்தது அவர் இறந்து பல நூற்றாண்டுகள் கழித்து. பெர்சியஸிடமிருந்தே வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்து ஊர்கள் என்பதை மறக்கவும் முடியாது.

எலும்புக்கூடு என்றேன். நிஜ எலும்பும் இருந்தது. கி.மு. 58-இல் ஸ்கௌரஸ் என்ற ரோமானிய அதிகாரி, யாஃபாவிலிருந்து அந்தப் பூதத்தின் எலும்புகளைக் கொண்டுவந்து ரோமில் காட்சிக்கு வைத்தார். நீளம் 40 அடி, முதுகெலும்பின் கனம் ஒன்றரை அடி, விலா எலும்புகள் இந்திய யானையைவிட உயரம் என்று எழுதிவைத்திருக்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. இடப்பள்ளிக்கு வடக்கே இருந்த முசிறிக்குக் கப்பல் வந்த வழியையும், அங்கே கடற்கொள்ளையர் தொல்லை இருந்ததையும் எழுதிய அதே பிளினிதான். அந்தப் பூதம் கரை ஒதுங்கிய திமிங்கிலமாக இருந்திருக்கும்.

பெர்சியஸின் இன்னொரு அடையாளத்தைப் பார்க்க ரோமுக்குப் போக வேண்டாம், மொட்டை மாடி போதும். மார்கழியில் இரவு ஒன்பது மணி வாக்கில் கார்த்திகைக் கொத்தைத் தேடுங்கள். கையை நீட்டி முஷ்டி மடக்கினால், அங்கிருந்து வடமேற்கே இரண்டு முஷ்டி தூரத்தில் ஒரு விண்மீன் இருக்கும். வானில் பெர்சியஸ் என்று பெயர் பெற்ற விண்மீன் கூட்டத்தில், அவன் கையில் தொங்கும் மெடூசா தலை அதுதான். அரபியர் அதைப் பூதத்தின் தலை என்றார்கள். அல்கால் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

அந்தத் தலை கண் சிமிட்டுகிறது. 1782 நவம்பரில் இங்கிலாந்தின் யார்க் நகரில், காது கேளாத 18 வயது இளைஞர் ஜான் குட்ரிக் அதைக் கவனிக்கத் தொடங்கினார். அல்கால் மங்குவதை அவருக்கு முன்பே மோண்டனாரி என்ற இத்தாலியர் குறித்திருந்தார். அது கடிகாரம்போல மங்குகிறது என்று கண்டவர் குட்ரிக். 2 நாள், 20 மணி, 49 நிமிடத்துக்கு ஒருமுறை! கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று அதைச் சுற்றிவந்து மறைக்கிறதோ என்று கேட்டார். 1783-இல் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. 21 வயதில் இறந்துபோனார். அவர் கேட்டது சரி என்று 1889-இல் நிறமாலை ஆய்வு மெய்ப்பித்தது.

அங்கே இருப்பவை ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள். ஒன்று நீலவெண்மையாய்ப் பிரகாசமானது. மற்றது மங்கலானது, ஊதிப் பெருத்தது. மங்கலானது முன்னே வரும்போது கிரகணம். ஒளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். தொடங்கி முடிய ஏறக்குறைய பத்து மணி நேரம்.

இதிலும் ஒரு புதிர் இருந்தது. எடை கூடிய விண்மீன் எரிபொருளை வேகமாகத் தின்று சீக்கிரம் கிழடாகும். அல்காலில் எடை குறைந்ததே கிழடு. எப்படி? ஒரு காலத்தில் அதுதான் பெரியது. முதுமையில் ஊதியபோது அதன் வாயு பக்கத்து விண்மீனுக்கு வழிந்தது. கொடுத்தது இளைத்தது, வாங்கியது கொழுத்தது.

இந்தி, மராத்தி வானியல் நூல்களில் பெர்சியஸ் விண்மீன் கூட்டத்துக்குப் பெயர் யயாதி; பக்கத்தில் இருக்கும் ஆண்ட்ரோமெடா தேவயானி. பெயர் வைத்தவர் மகாபாரதத்தை நன்றாகப் படித்தவர். கிணற்றில் தள்ளப்பட்டுக் கிடந்த தேவயானியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டவன் யயாதி. கிணற்றடியில் பூதம் இல்லை என்பதுதான் வித்தியாசம். பிறகு அதே யயாதி மூப்பை மகன் பூருவுக்குக் கொடுத்து, அவனுடைய இளமையை வாங்கிக்கொண்டான். அவன் பெயர் சூடிய கூட்டத்தில், கிழட்டு விண்மீன் தன்னை இளையதுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் வைத்தவர் இதை நினைத்து வைத்திருக்க மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவு 12 மணிக்கு அல்கால் முழுதாக மங்கியிருப்பதைப் பார்த்தால் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் இரவு 8:49-க்கு மறுபடி மாடிக்குப் போனால் போதும்.