கழற்ற முடியாத செயலிகள்

இந்தியாவில் ஒரு நிறுவனம் சந்தையில் தனிக்காட்டு ராஜாவாக இருப்பது குற்றமல்ல. 1969ஆம் ஆண்டின் ஏகபோக வர்த்தகச் சட்டம் நிறுவனத்தின் பருமனையே சந்தேகத்தோடு பார்த்தது. அதன் இடத்துக்கு வந்த 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் 4ஆவது பிரிவு தடுப்பது ஆதிக்கத்தை அல்ல, ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதை. பெரிய கடை வைத்திருக்கலாம்; எதிர்க்கடைக்குச் சரக்கு போகும் வழியை மறிக்கக் கூடாது.

இந்தச் சட்டத்தின்கீழ் கூகுளை முதலில் இழுத்தவர்களில் ஒரு சென்னை நிறுவனமும் உண்டு. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் மேட்ரிமோனி டாட் காம் 2012இல் புகார் கொடுத்தது. குற்றச்சாட்டுகள் எல்லாம் ஏற்கப்படவில்லை. ஆனாலும் தேடல் முடிவுகளில் தன் சேவைகளுக்குச் சலுகை காட்டியதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது.

ஆண்ட்ராய்டு வழக்கு இதைவிடப் பெரியது. ஆண்ட்ராய்டு இலவசம்; எந்தச் செல்போன் நிறுவனமும் எடுத்துக்கொள்ளலாம். பிளே ஸ்டோர் அதோடு சேர்ந்து வராது. அது இல்லாத போனை இங்கே வாங்க ஆளில்லை என்பதால், கூகுளோடு ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும். போட்டாலும் 2023 வரை பிளே ஸ்டோர் மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை. தேடல், குரோம், யூடியூப், மேப்ஸ், ஜிமெயில் என்று மொத்தக் கட்டையும் ஏற்ற வேண்டியிருந்தது. புதுப் போனை இயக்கியதும் முகப்புத் திரையில் தயாராக நிற்கும் தேடல் பெட்டி அப்படி வந்ததுதான். வேறு தேடுபொறிக்கு மாற யாரும் தடுப்பதில்லை, பெரும்பாலோர் மாறுவதில்லை. இந்தச் சோம்பலுக்குத்தான் சந்தையில் விலை. இன்னொரு ஒப்பந்தம், ஆண்ட்ராய்டைத் திருத்தி வேறு வடிவமாக்கி ஒரே ஒரு மாடலில்கூட விற்கக் கூடாது என்றது.

2022 அக்டோபர் 20 அன்று ஆணையம் ரூ.1,337.76 கோடி அபராதத்தோடு பத்து உத்தரவுகளும் போட்டது. இத்தகைய நிறுவனங்களுக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு, வலிப்பது உத்தரவுகள்தான். (அபராதத்தை உலக வருமானத்தின் அடிப்படையில் கணக்கிட வழிசெய்யும் திருத்தம் 2023இல்தான் வந்தது.) இடைக்காலத் தடை கேட்டு கூகுள் உச்ச நீதிமன்றம் வரை போயும் கிடைக்கவில்லை. 2023 ஜனவரியில், செயலிகளைத் தனித்தனியாகத் தரவும் தேடுபொறியைப் பயனர் தேர்ந்தெடுக்க விடவும் அது இறங்கிவந்தது.

அதே ஆண்டு மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. முன்கூட்டியே ஏற்றப்பட்ட கூகுள் செயலிகளைப் பயனர் நீக்கிவிடலாம் என்ற உத்தரவு அந்த நான்கில் ஒன்று.