கைப்பிடி இல்லாத பஸ்!

காலை எட்டரைக்கு வில்லியனூர் டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? ஏறினால் வீரர். சட்டை கசங்காமல் இறங்கினால் மகாவீரர்!

என் ஆபீஸ் நண்பன் பாகூர்க்காரன். பெயர் வேண்டாம். அவனுக்கு ஹெச்.ஐ.வி. இருப்பது ஆபீஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். போன ஞாயிறு பாகூர் ஏரிக்கரையில் குஷியாகச் சொன்னான்:

''மாப்ளே, ஜீனை மாத்தி ஒரே ஊசியில குணப்படுத்திடறாங்களாம். செல்போன்ல வந்துச்சு. ரெண்டு நாளா மாத்திரையை நிறுத்திட்டேன்!''

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஆபீஸ் ஃபைலைக்கூட அப்படிப் படித்ததில்லை! மறுநாள் டீக்கடையில் பிடித்தேன்.

''நம்ம பஸ்ஸையே எடுத்துக்கடா. ஃபுட்போர்டுல தொத்தறவனுக்கு ரெண்டு கைப்பிடி வேணும். ரத்தத்துல இருக்கிற காவல்கார செல்லுல வைரஸ் தொத்தவும் அப்படித்தான். ஒரு கைப்பிடி சி.டி.4, இன்னொண்ணு பெரும்பாலும் சி.சி.ஆர்.5. இந்த ரெண்டாவதைக் கழட்டிட்டா?''

''ஏற முடியாது!''

அதேதான். பெர்லினில் டிமோதி ரே பிரவுன் என்பவருக்கு 2007-ல் ரத்தப் புற்றுநோய்க்காக ஸ்டெம் செல் மாற்றினார்கள். கொடுத்தவருக்குப் பிறவியிலேயே அந்தக் கைப்பிடி கிடையாது. பிரவுனின் ஹெச்.ஐ.வி. போயே போச்சு! 2020-ல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பியதால்தான். ஆனால் அது உயிரையே பணயம் வைக்கும் சிகிச்சை. எல்லோருக்கும் செய்ய முடியாது.

அதனால் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேறு வழி பார்த்தார்கள். 12 நோயாளிகளின் சொந்த செல்களையே வெளியே எடுத்து, அந்த ஜீனை வெட்டி, பெருக்கி, திரும்ப ஏற்றினார்கள். 2014-ல் முடிவு வந்தது. மாத்திரையை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு வைரஸ் திரும்பிவிட்டது. ஆனால், மாற்றிய செல்கள் மற்றவற்றைவிட மெதுவாகவே குறைந்தன.

''அப்ப குணமாகலையா?''

''நம்பிக்கை இருக்கு. மருந்துக்கடைக்கு இன்னும் வரலை. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து, செல்லை மாத்தற சிகிச்சை ஒண்ணைக் கொண்டுவந்து, 2023-ல அனுமதியும் வாங்கிட்டாங்க. ஆனா அது ரத்தப் புற்றுநோய்க்கு.''

முகம் தொங்கிவிட்டது அவனுக்கு. விடவில்லை நான்.

''1986-ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவுலயே முதல் தடவையா இதைக் கண்டுபிடிச்சப்போ, இதுக்கு மருந்துன்னு ஒண்ணுமே இங்க கிடையாது. 2004-லேருந்து கவர்மென்ட்டே இலவசமா மாத்திரை கொடுக்குது. ஒழுங்காப் போட்டா வைரஸ் தலைதூக்காது. ரத்தத்துல தென்படாத அளவுக்கு அது அடங்கிட்டா, உறவு மூலமா அடுத்தவங்களுக்கும் பரவாது. நிறுத்தினா திரும்பக் கிளம்பும். மருந்துக்கே மசியாமலும் போகலாம்டா!''

பேசாமல் டீயைக் குடித்தான். மத்தியானம் அரை நாள் லீவு போட்டு டாக்டரைப் பார்க்கப் போனான்.

ராத்திரி ஒன்பதுக்கு போன்.

''போட்டுட்டேன்டா!''

கட்!

இப்போதெல்லாம் தினமும் ஒன்பதுக்கு அந்த போன் வருகிறது. வராத அன்று நானே பண்ணிவிடுவேன்!