தொலைக்காட்சி உரையாடலும் வாசிப்புப் பண்பாடும்: ஓப்ரா வின்ஃப்ரேயின் வாசகர் வட்டம்

1984ஆம் ஆண்டு சிகாகோ நகரின் காலை நிகழ்ச்சி ஒன்றிற்குத் தொகுப்பாளராக வந்தவர் ஓப்ரா வின்ஃப்ரே. 1986 செப்டம்பர் 8 அன்று நாடு தழுவிய ஒளிபரப்பாக வளர்ந்த அவரது உரையாடல் நிகழ்ச்சி 2011 மே 25 வரை, 25 பருவங்கள் நீடித்தது. அவரைப் பற்றிய ஆய்வுகள் பலவும் அவரது செல்வத்தையும் அரசியல் செல்வாக்கையும் மையப்படுத்துகின்றன. இலக்கிய மாணவருக்கு அவற்றினும் முதன்மையானது, 1996 செப்டம்பரில் அவர் தொடங்கிய வாசகர் வட்டமேயாகும்.

இவ்வட்டத்தின் வலிமை இலக்கியத் திறனாய்விலிருந்து பிறந்ததன்று. சிறுவயதில் தமக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையை வின்ஃப்ரே தம் நிகழ்ச்சியிலேயே வெளிப்படையாகக் கூறியவர்; குழந்தைகள் பாதுகாப்புக்காக 1993இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் அவர் பெயராலேயே பேச்சுவழக்கில் அறியப்பட்டது. திரையில் தோன்றுபவரைப் பார்வையாளர் நேரில் பழகியவராகவே உணரும் ஒருதலை உறவை ஹார்ட்டன், வோல் ஆகிய ஆய்வாளர்கள் 1956இலேயே விளக்கியுள்ளனர். அவ்வுறவு நூல் தேர்வுக்கும் மாற்றப்பட்டதே இங்கு நிகழ்ந்தது. தோழி ஒருத்தி கையில் கொடுத்த நூலாகவே வாசகியர் அதனைப் பெற்றனர்.

முதல் தேர்வு ஜாக்குலின் மிட்சர்டின் முதல் நாவல். அடுத்தது டோனி மாரிசனின் ‘சாங் ஆஃப் சாலமன்’. 1977இல் வெளிவந்த இந்நாவலின் ஆசிரியர் 1993இல் நோபல் பரிசு பெற்றவர். ஆயினும் அப்பரிசைவிட வின்ஃப்ரேயின் ஒரு சொல்லே அவர் நூல்களை மிகுதியாக விற்றது என ஆய்வாளர் எடுத்துக்காட்டுவர். மாரிசனின் நான்கு நாவல்கள் இவ்வட்டத்தில் இடம்பெற்றன. அவற்றுள் கடினமான ‘பாரடைஸ்’ பற்றிய உரையாடல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்பறை வடிவில் நடந்தது. புரியவில்லை என்று வாசகியர் ஒப்புக்கொள்வதும் அதற்கு ஆசிரியரே விடையளிப்பதும் பகல்நேரத் தொலைக்காட்சியில் இடம்பெற்றன. இதனை வெறும் வணிகம் என்று ஒதுக்குவது எளிதன்று.

வாசிப்புப் பரப்பு உண்மையில் விரிந்ததா என்பது வேறு வினா. கிரெய்க் கார்த்வெயிட் என்னும் பொருளியலாளர் விற்பனைத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட நூலும் அதன் ஆசிரியரின் பிற நூல்களும் பெருமளவு விற்றதைக் கண்டார். ஆனால் அறிவிப்பை அடுத்த வாரங்களில் வயதுவந்தோருக்கான புனைகதையின் மொத்த விற்பனை கூடவில்லை; குறையவே செய்தது. காதற்கதையும் துப்பறியும் கதையும் விரைந்து வாசிப்போர், அவற்றை விடுத்து நீண்ட, கடினமான நாவலில் தங்கிவிட்டனர் என்பதே அவர் தரும் விளக்கம். புதிய வாசகரை உருவாக்கியதைவிட, இருந்த வாசகரின் சுவையை இடம்பெயர்த்ததே இவ்வட்டத்தின் பணி எனலாம். அதுவும் சிறிதன்று.

2001இல் ஜோனதன் ஃபிரான்சனின் ‘தி கரெக்ஷன்ஸ்’ தேர்வானபோது, அட்டையில் பொறிக்கப்படும் வட்டத்தின் முத்திரை குறித்து அவர் வெளிப்படையாகத் தயக்கம் தெரிவித்தார். நிகழ்ச்சிக்கான அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. உயர் இலக்கியம், வெகுமக்கள் வாசிப்பு என்னும் பழைய பிளவும், பெண்கள் விரும்பிப் படிப்பது தாழ்ந்தது என்னும் மறைமுக எண்ணமும் அவ்விவாதத்தில் ஒருங்கே வெளிப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் நெருக்கடிநிலைக் கால இந்தியாவைச் சித்திரிக்கும் ரோஹின்டன் மிஸ்திரியின் ‘எ ஃபைன் பேலன்ஸ்’ தேர்வாயிற்று என்பதையும் இங்குக் கருதவேண்டும். எளிய ஆறுதல் எதனையும் தராத நாவல் அது.

நம்பிக்கையின்மேல் எழுந்த இவ்வமைப்பின் பலவீனம் 2006இல் தெரியவந்தது. முந்தைய ஆண்டு தேர்வான ஜேம்ஸ் ஃபிரேயின் தன்வரலாற்றில் பல செய்திகள் புனையப்பட்டவை என ஜனவரியில் வெளிப்பட்டது. முதலில் தொலைபேசிவழித் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் அவருக்குத் துணைநின்ற வின்ஃப்ரே, ஜனவரி 26 அன்று ஆசிரியரையும் பதிப்பாளரையும் தம் அரங்கிற்கு அழைத்து, முன்பு ஆதரித்தது தம் தவறு என்று கூறி இருவரையும் வினவினார். புனைவெனில் எவரும் பொருட்படுத்தியிரார். ஒருவர் பட்ட துன்பம் உண்மை என்று நம்பியே அந்நூலைப் பலர் வாங்கியிருந்தனர். பின்வந்த பதிப்புகளில் ஆசிரியரின் விளக்கக் குறிப்புச் சேர்க்கப்பட்டது. ஏமாந்ததாகக் கருதிய வாசகருக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் பதிப்பகம் உடன்பட்டது.