சிவப்புக் குன்றுக்கு வழி

மலாய் மொழியில் 'புக்கிட் மேரா' என்றால் சிவப்புக் குன்று. சிங்கப்பூரின் இவ்வட்டாரம் ஒரு காலத்தில் அத்தாப்புக் கம்பங்கள் நிறைந்த இடம். 25.5.1961இல் இங்குள்ள புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீயால் சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். பிறகு அங்கே அரசாங்க அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. இன்று வட்டாரம் முழுவதிலும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழ்கின்றனர்.

தோட்டத்து மக்களுக்கு இது அந்நிய ஊரல்ல. 1932 முதல் மலாயா ரயில் இவ்வழியாகத்தான் தஞ்சோங் பகார் போய்ச் சேர்ந்தது. மூட்டை முடிச்சோடு இறங்கினால் உறவினர் வீடு பக்கத்தில்தான். அந்த நிலையம் 30.6.2011உடன் மூடப்பட்டது, ரயில் பயணம் உட்லண்ட்ஸிலேயே முடிந்தது.

கவலை வேண்டாம், வாசகர்களே! உட்லண்ட்ஸிலிருந்து பெருவிரைவு ரயிலேறி, ஜூரோங் ஈஸ்டில் மாறி, 1988இல் திறந்த ரெட்ஹில் நிலையத்தில் இறங்கலாம். வழி மாறினாலும் வரப்போக்கு நிற்க வேண்டாமே!