ஐப்பசி மழைக்குப் பின் கொடுவா எங்கே நிற்கும்?

வெளிநாட்டுத் தூண்டில் வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் அக்டோபர் பிறந்ததும் தெர்மாமீட்டரைத் தேடுகிறார்கள். புளோரிடாவிலும் டெக்சாஸிலும் அது சரிதான். அங்கே வடகாற்று வீசும்போதெல்லாம் கரையோர நீர் குளிர்ந்து, மீன்கள் ஆழம் தேடிப் போகும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் கரையில் அடித்த கடுங்குளிரில் மட்டும் குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்ததாக அந்த மாநில அரசு கணக்கிட்டது. சென்னைக் கரையிலோ கடல்நீர் மே மாதத்தில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், மார்கழியில் 26 அளவுக்கு இறங்கும். அவ்வளவுதான். நம் கரையில் மீனை இடம் மாற்றுவது முதலில் உப்பு. குளிருக்கு இரண்டாம் இடம்தான்.

எவ்வளவு உப்பு என்பதைப் பழவேற்காடு ஏரியில் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடி, வெயிலில் நீர் வற்றும்போது ஏரியின் சில பகுதிகளில் உப்பு 50 கிராமையும் எட்டும். அதாவது கடலைவிட ஏரி அதிகமாகக் கரிக்கும். ஐப்பசியில் ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் வெள்ளம் கொண்டுவந்து சேர்த்ததும், ஆறு விழும் இடங்கள் ஏறக்குறைய நன்னீராகிவிடும். சராசரி ஆழம் ஒரு மீட்டரைச் சுற்றியே இருப்பதால் இந்த மாற்றத்துக்கு அதிக நாள் பிடிக்காது. வெளியே கடலும் பழைய கரிப்பில் இருப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் கடலில் கொட்டிய நன்னீரில் ஒரு பகுதி நம் கரையை உரசிக்கொண்டுதான் போகிறது.

இதனால் மீனுக்கு என்ன? அதன் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கடலில் இருக்கும்வரை உடலிலுள்ள நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். மீன் கடல்நீரைக் குடித்து ஈடுகட்டி, மிஞ்சும் உப்பைச் செவுள் வழியே வெளியேற்றும். நன்னீரில் எல்லாம் தலைகீழ். தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், அதை ஓயாமல் சிறுநீராகக் கழித்துவிட்டு, உப்பைச் செவுளால் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். கொடுவாவுக்கும் மடவைக்கும் இரண்டுமே கைவந்த வேலை. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற அவகாசம் வேண்டும். உப்பு மெல்லக் குறைந்தால் சமாளிக்கும், ஒரே இரவில் சரிந்தால் இடத்தைக் காலி செய்யும். சீலாவும் பெரிய பாரையும் அந்தச் சிரமமே படுவதில்லை. நீர் கலங்கியதும் தெளிந்த உப்புநீரைத் தேடிக் கடலுக்குப் போய்விடும். பார்வையால் வேட்டையாடும் மீனுக்குக் கலங்கலில் என்ன வேலை? வாசனை பிடித்து இரை தேடும் கெளுத்தி தாராளமாக உள்ளேயே நிற்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. நன்னீர் லேசானது, உப்புநீர் கனமானது. ஆழமான கால்வாய்களிலும் ஆற்று முகங்களிலும் செம்மண் நிற வெள்ளம் மேலே கடலுக்கு ஓடிக்கொண்டிருக்க, அடியில் உப்புநீர் ஓர் ஆப்புப் போல உள்ளே நுழைந்து கிடக்கும். மேல்நீரைப் பார்த்து, இங்கே மீன் இல்லை என்று கிளம்பிவிடுவோம். மீன் அடியில் நிற்கும். மழைக்குப் பிந்திய நாள்களில் மேலோட்டமாக இழுக்கும் லூரை (போலி இரையை) ஒதுக்கி வைத்துவிட்டு, ஈயக்குண்டு கட்டித் தரையை ஒட்டி இரையை இறக்குங்கள். முழங்கால் ஆழ ஏரிப் பரப்பில் இந்த யோசனை செல்லாது. அங்கே காற்று எல்லாவற்றையும் கலக்கிவிடும்.

உண்மையான விருந்து இறாலைப் பின்தொடர்ந்து வருகிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும், குஞ்சுகள் ஏரிக்குள் வந்து சில மாதங்கள் வளரும். பெருமழையில் உப்பு சட்டென்று குறைந்ததும் கூட்டம் கூட்டமாக, வடியும் நீரோடு கடலுக்குத் திரும்பும். பழவேற்காட்டு மீனவர்கள் சுத்துவலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்து மாற்றிக்கொள்ளும் ‘பாடு’ வழக்கத்தின் அருமை இங்கேதான் தெரியும். இறால் போகும் வழியில் இடம் கிடைத்தவருக்கும் தள்ளிக் கிடைத்தவருக்கும் வரும்படி ஒன்றாக இராது அல்லவா! கொடுவாவுக்குச் சீட்டும் இல்லை, முறையும் இல்லை. முகத்துவாரத்தின் உட்பக்கம், ஓட்டம் தணியும் மூலையில் காத்திருந்து விழுங்கும். எனவே நீர் வடியத் தொடங்கும் நேரமே தூண்டிலுக்கு நல்ல நேரம்.

மடவையும் இந்தப் பருவத்தில்தான் முட்டையிடக் கடலுக்குப் போகும். கொடுவாவுக்கும் முட்டையிட உப்பு வேண்டும், ஏனென்றால் அதன் முட்டை கடல்நீரில்தான் மிதக்கும், உப்பு குறைந்த நீரில் அமிழ்ந்துவிடும். 1997-இல் முட்டுக்காட்டில் கொடுவாவைக் குஞ்சு பொரிக்கவைத்த, உவர்நீர் மீன்வளர்ப்பை ஆராயும் சிபா (CIBA) நிறுவனம், கடல்நீரை நம்பித்தான் அதைச் செய்தது.

குளிரின் பங்கு சிறியது என்றாலும் உண்டு. குளிர்ந்த நீரிலும், உப்பு குறைந்த நீரிலும் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும். சித்திரை நண்பகலில் ஆழமற்ற நீரில் மூச்சுத் திணறும் மீன், கார்த்திகையில் பகலெல்லாம் அங்கே மேயும். மார்கழி விடியலில் மட்டும் வெப்பநீர் மீனான கொடுவா சற்றுச் சுணங்கும். வெயில் ஏறியபின் போனால் போதும், நாலு மணிக்கு எழுந்து நடுங்க வேண்டியதில்லை.

வெள்ளத்தைப் போலவே நீரைக் கலக்கும் வாடைக்காற்று எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ராமேசுவரத்தில் வடக்கே பாக் விரிகுடா கொந்தளித்துக் கலங்கியிருக்கும்போது, தெற்கே மன்னார் வளைகுடா பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

ஊருக்குள் ஓடும் ஆறுகளில் முதல் மழைநீரை நம்ப வேண்டாம். அடையாற்று முகத்தில் மழைக்குப் பின் மீன்கள் செத்து மிதந்ததாகப் பலமுறை செய்தி வந்திருக்கிறது. அதற்கு உப்பைவிடச் சாக்கடைதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த நாள்களில் அங்கே பிடிக்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம்.

வெள்ளம் மணல்திட்டை அறுத்துக்கொண்டு கடலில் பாயும் முகத்துவாரத்தில், மீன் எவ்வளவு துள்ளினாலும் விளிம்பில் போய் நிற்காதீர்கள். அடிமணலை நீர் அரித்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.