5 கி.மீ ஓடியாச்சு... உடனே 10-க்குத் தாவலாமா?

ஒரு நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை. அப்படித் தொடங்கி ஒன்பதே வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட வைத்துவிடுகிறது 'கௌச் டு 5கே' பயிற்சி. 1996-ல் அமெரிக்கரான ஜோஷ் கிளார்க், ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவை மனதில் வைத்து உருவாக்கியது. இன்று ஆவடி பருத்திப்பட்டு ஏரியின் சுமார் 3 கி.மீ நடைபாதையிலோ, அம்பத்தூர், பூந்தமல்லி தெருக்களிலோ செல்போன் செயலியைப் பார்த்து ஓடும் பலருக்கும் அடிப்படை இதுதான்.

பத்தாவது வாரம் என்ன செய்வது? பெரும்பாலும் சிக்கல் இங்குதான் ஆரம்பிக்கிறது. சிலர் அத்தோடு ஷூவைக் கழற்றிவிடுகிறார்கள். சிலர் அடுத்த ஞாயிறே 10 கி.மீ ஓடிவிட்டு, திங்கட்கிழமை மாடிப்படி இறங்க முடியாமல் தவிக்கிறார்கள்.

காரணம் எளிது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாண்களும் உறுதிப்பட மாதங்கள் ஆகும். மூச்சு 'இன்னும் ஓடு' என்று சொல்லும். முன்னங்கால் எலும்போ இன்னும் தயாராகியிருக்காது.

'வாரத்துக்குப் பத்து சதவிகிதத்துக்கு மேல் கூட்டாதே' என்பது ஓட்டக்காரர்களின் பழைய விதி. ஆனால், நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களிடம் நடந்த ஆய்வு (2008) அதை அசைத்துவிட்டது. 13 வாரம் அந்த விதிப்படி கூட்டியவர்களிலும், 8 வாரத்தில் வேகமாக முடித்தவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். 2025-ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைக் கவனித்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது: வாரக் கணக்கைவிட, ஒரே நாளில் ஓடும் தூரம்தான் முக்கியம். கடந்த 30 நாள்களில் ஓடிய அதிகபட்ச தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் பத்து சதவிகிதத்துக்கு மேல் கூடினால் காயத்துக்கான வாய்ப்பு ஏறுகிறது. இரண்டு மடங்குக்கு மேல் போனால் அபாயமும் இரு மடங்கைத் தாண்டுகிறது. 5-லிருந்து நேராக 10 என்பது கிட்டத்தட்ட அந்த எல்லைதான்!

எனவே, முதல் இரண்டு மூன்று வாரங்கள் அதே 5 கி.மீ-யை, வாரம் மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். பேச்சு திக்கினால் வேகம் அதிகம். பிறகு ஒருநாள் மட்டும் ஐந்தரை, அடுத்த வாரம் ஆறு, ஆறரை. மற்ற இரண்டு நாளும் பழைய தூரம்தான். நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து ஓடலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த காலையில் ஓட்டமே வேண்டாம், தூக்கமும் பயிற்சிதான்.

இப்படிப் போனால் 10 கி.மீ-யைத் தொட மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். பொறுமையைச் சோதிக்கும்தான். சாலை விபத்தில் படுகாயமடைந்த மா.சுப்பிரமணியன், ஐம்பது வயதுக்குப் பிறகுதான் ஓடத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார்.

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 10 கி.மீ ஓட ஆசையா? ஆகஸ்ட் கடைசியிலேயே கூட்டத் தொடங்குவது நல்லது. நடுவில் வடகிழக்குப் பருவமழை வரும், தெருவில் தண்ணீர் நிற்கும், ஒரு வாரம் விட்டுப்போகும். விட்டதைப் பிடிக்க அடுத்த வாரம் இரட்டிப்பாக ஓடாதீர்கள். ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி எலும்பில் வலி, நடக்கும்போதும் தொடர்ந்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.