சத்தம் நின்னா பிரச்சனை தீர்ந்ததா? டைமிங் செயின் தேய்மானத்தைப் பார்ப்பது எப்படி?



எங்க ஊர் வல்லக்கோட்டை. விடியற்காலையில முருகன் கோயில் மணியோட, ஒரகடத்துக்கு ஷிஃப்ட் ஆளுங்களை ஏத்திட்டுப் போற பஸ், வேன் சத்தமும் கேட்கும். என் மாமாவும் செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கி கம்பெனி ட்ரிப் ஓட்டுறார். ஒருநாள், "காலையில ஸ்டார்ட் பண்ணா கடகடன்னு சத்தம் வருதுடா. நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, பாரு"ன்னார். சில நொடியில சத்தம் நின்னுடுச்சு. நானும் பெரிய இன்ஜினியர் மாதிரி, "ஆயில் பிரஷர் ஏற டைம் ஆகும் மாமா, ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டேன்.

அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

செயினுக்கு என்ன வேலை?

பிஸ்டனோட இணைஞ்சது கிராங்க் ஷாஃப்ட். வால்வைத் திறந்து மூடுறது கேம் ஷாஃப்ட். கிராங்க் 2 சுத்து சுத்தினா கேம் 1 சுத்து சுத்தணும். இந்தக் கணக்கைக் காப்பாத்துறதுதான் டைமிங் செயின். செயின் பல் தாண்டிட்டா, பல என்ஜின்கள்ல வால்வு பிஸ்டன் மேலயே இடிச்சுடும்.

நம்ம பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில 1998-ல வந்த சான்ட்ரோவுல இருந்தது டைமிங் பெல்ட். 2008-ல ஐ10-ல வந்த 1.2 கப்பா என்ஜின்ல செயின். பெல்ட்டை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாத்தணும்னு கணக்கு இருக்கும். செயினுக்குப் பொதுவா அப்படி இல்ல. அதனாலதான் "செயின்னா லைஃப் டைம்"னு ஒரு பேச்சு. ஆனா செயினும் தேயும்.

செயின் உண்மையிலேயே நீளுமா?

"செயின் இழுத்துக்கிச்சு"ன்னு மெக்கானிக்குங்க சொல்வாங்க. இரும்புத் தகடு ரப்பர் மாதிரி நீள்றதில்ல. ஒவ்வொரு லிங்க்லயும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேயுது. அந்தச் சின்னச் சின்ன இடைவெளி எல்லாம் சேர்ந்து நீளமாகுது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு: பிட்ச் 8 மி.மீ., கிராங்க் ஸ்ப்ராக்கெட்ல 18 பல். ஒரு சுத்துக்கு 144 மி.மீ. செயின் நகரும். கிராங்க் கேமை இழுக்கிற இறுக்கமான பக்கத்துல 45 லிங்க் இருந்து, ஒவ்வொண்ணும் 0.02 மி.மீ. தேய்ஞ்சா மொத்தம் 0.9 மி.மீ. கிராங்க் கோணத்துல அது 2.25 டிகிரி. அந்த அளவுக்கு கேம் லேட்டாகும்.

தளர்வான பக்கத்துல இருக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷர்ல செயினைத் தள்ளிப் பிடிச்சு சத்தத்தை நிறுத்தும். ஆனா லேட்டான டைமிங்கை அதால சரி பண்ண முடியாது. அதாவது டென்ஷனர் தேய்மானத்தை மறைக்குது. நான் கோட்டை விட்டது இங்கதான்.

எப்படிச் செக் பண்றது?

1. காது: ராத்திரி முழுக்க நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி, டைமிங் கவர் பக்கம் கேளுங்க. சத்தம் நாளுக்கு நாள் அதிக நேரம் நீடிச்சா எச்சரிக்கை.

2. ஸ்கேனர்: பி0016 கோட் வந்தா கிராங்க்கும் கேமும் ஒத்துப் போகலைன்னு அர்த்தம். சென்சார், ஒயரிங் கோளாறாலயும் இது வரலாம். அதனால இதை மட்டும் நம்பி என்ஜினைப் பிரிக்காதீங்க.

3. ஆயில்: வடிச்ச ஆயில்லயும் ஃபில்டர்லயும் இரும்புத் துகள், கைடோட பிளாஸ்டிக் துண்டு இருக்கான்னு பாருங்க.

4. வால்வு கவரைத் திறந்து: இதை அனுபவமுள்ள மெக்கானிக்கோட மட்டும் செய்யுங்க. பேட்டரி கனெக்‌ஷனைக் கழட்டிட்டு, கிராங்க்கை அது ஓடுற திசையில மட்டும் கையால சுத்தணும். பின்பக்கமா சுத்தினா தளர்ந்த செயின் பல் தாண்டலாம். டைமிங் மார்க் நேரா வருதா, கைடுல பள்ளம் விழுந்திருக்கா, ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கா, டென்ஷனர் எவ்வளவு தூரம் வெளிய வந்திருக்குன்னு பாருங்க.

5. அளவு: கழட்டின செயினை, மேனுவல்ல சொன்ன விசையில இழுத்துப் பிடிச்சு, குறிப்பிட்ட எண்ணிக்கை லிங்க்கை வெர்னியர்ல அளக்கணும். ஒரே இடத்துல இல்ல, மூணு இடத்துல. லிமிட்டைத் தாண்டினா செயின், டென்ஷனர், கைடு எல்லாத்தையும் செட்டாவே மாத்துறது நல்லது.

மாமா வண்டி என்னாச்சு?

ரெண்டு வாரத்துல சத்தம் அதிகமாச்சு. மெக்கானிக் திறந்து பார்த்தா டென்ஷனர் கிட்டத்தட்ட முழுசா வெளிய வந்திருந்தது. நல்லவேளை, பல் தாண்டல. செயின் செட் மாத்துற வரைக்கும் நாலு நாள் ட்ரிப் போச்சு, அந்த மாச டியூவுக்குக் கடன் வாங்கினார்.

காரணம் ஆயில். கம்பெனி கேட்ல ஏசி போட்டு மணிக்கணக்கா காத்திருந்தா ஓடோமீட்டர் நகராது, ஆனா ஆயில் கெட்டுக்கிட்டே இருக்கும். அழுக்கு ஆயில் பின்னையும் புஷ்ஷையும் அரிக்கும், டென்ஷனரையும் அடைக்கும். மாமா கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாத்திட்டு இருந்தார்.

அவர் என்னைத் திட்டல. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுடா, நான் மெக்கானிக்கிட்டயே போயிருப்பேன்"னு மட்டும் சொன்னார்.

நாளைக்குக் காலையில உங்க வீட்டுக் காரை ஸ்டார்ட் பண்ணும்போது, பாட்டு போடுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நொடி என்ஜினைக் கேளுங்க. கடைசியா ஆயில் மாத்தின தேதியையும் பாருங்க.